எங்க வாசலைப் பார்க்க எவன்கிட்டயோ அனுமதி வாங்கணுமாம்

எங்க தோட்டத்துச் சாளையில மொத்தம் ஏழு சாமான் வைஃபையில ஓடுது. வாசல்ல ஒரு கேமரா, கட்டுத்தரையில ஒரு கேமரா, மோட்டார் ஸ்டார்ட்டர்ல ஒரு பெட்டி, மேல்தொட்டியில தண்ணி மட்டம் காட்டுற கருவி ஒண்ணு, ரெண்டு பிளக், ஒரு பல்பு. ஒண்ணுகூட நான் கடைக்குப் போய்க் கேட்டு வாங்கினதில்ல. பாதி, பெங்களூர்ல வேலை பாக்குற பையன் ஆர்டர் போட்டது. மீதி, கோயமுத்தூர்ல இருக்குற மகளும் மருமகனும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் துணிமணிக்குப் பதிலா அனுப்பி வெச்சது. இதைப் படிக்கிற உங்கள்ல பல பேரு ஊர்ல இருக்குற அப்பா அம்மாவுக்கு இந்த மாதிரி ஏதாவது ஒண்ணு அனுப்பியிருப்பீங்க. அதனால இன்னிக்குக் கொஞ்சம் காரமாவே எழுதப் போறேன். கோவிச்சுக்காதீங்க.

விஷயம் இதுதானுங்க. வாசல் கேமராவுக்கும் நான் படுக்குற கட்டிலுக்கும் நடுவுல முப்பது அடி இருக்கும். கேமராவும் என் போனும் ஒரே ரவுட்டர்ல, ஒரே வைஃபையில இருக்குது. கரும்பு வெட்டுக் காலத்துல லாரிக்காரன் உசரமா லோடு ஏத்திட்டு வந்து ரோட்டு மேல தொங்குற ஃபைபர் வயரை இழுத்துட்டுப் போயிருவான். தென்னை மட்டை விழுந்தாலும் அறுந்துக்கும். கேபிள்காரத் தம்பி வந்து ஒட்டுறதுக்கு ஒரு நாளும் ஆகும், மூணு நாளும் ஆகும். அது வரைக்கும் வீட்டுல கரண்ட் இருக்குது, ரவுட்டர்ல லைட் எரியுது, கேமராவுலயும் லைட் எரியுது. போன்ல ஆப்பைத் திறந்தா 'டிவைஸ் ஆஃப்லைன்'.

எது ஆஃப்லைன்? முப்பது அடியில முழிச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நிக்குது. அதுக்கும் எனக்கும் நடுவுல இருக்குற ரவுட்டரும் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்குது. அறுந்து போனது வீட்டுக்கு வெளிய இருக்குற வயரு. வீட்டுக்குள்ள ஒண்ணும் அறுந்து போகலையே!

இந்த மலிவுக் கேமராவுங்க செய்யற வேலை என்னன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஆப்பைத் திறந்ததும் அது நேராக் கேமராகிட்டப் போறதில்ல. முதல்ல கடல் தாண்டி எங்கயோ இருக்குற கம்பெனி சர்வருக்குப் போயி, 'இந்த ஆளு யாரு, இந்தக் கேமரா இவருதுதானா'ன்னு கேக்குது. சரின்னு பதில் வந்தாத்தான் படம். சிலதுல படம் வீட்டுக்குள்ளயே நேரா வந்துரும். ஆனா பார்க்கலாம்ங்கிற அனுமதி மட்டும் வெளிய இருந்துதான் வரணும். பல்பும் பிளக்கும் இன்னும் மோசம். நான் கட்டில்ல உக்காந்து பொத்தானை அமுக்குனா அந்தச் சேதி சமுத்திரத்தைத் தாண்டிப் போயி, திரும்பி வந்து, தலைக்கு மேல இருக்குற பல்பை எரிய வெக்குது. பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட கடப்பாரை கேக்க டெல்லிக்குத் தபால் போட்ட கதைதான்.

பல்பு எரியலைன்னா சுவிட்சைப் போட்டுக்குவேன். அதுக்காக இவ்வளவு எழுத மாட்டேன். கேமரா அப்படி இல்லீங்க.

2024 நவம்பர் கடைசியில பல்லடம் பக்கத்துல ஒரு தோட்டத்து வீட்டுல ஒரே குடும்பத்துல மூணு பேரைக் கொன்னாங்க. 2025 மே மாசம் எங்க ஈரோடு மாவட்டத்துல, சிவகிரிப் பக்கம், தோட்டத்துல தனியா இருந்த வயசான புருசன் பொண்டாட்டி செத்துக் கிடந்ததைக் கண்டுபிடிச்சாங்க. நீங்க பேப்பர்ல படிச்சு அன்னிக்கே மறந்திருப்பீங்க. எங்களுக்கு அது பேப்பர் சேதி கிடையாது. கொங்கு நாட்டுப் பக்கம் வீடுங்க ஊருக்குள்ள ஒட்டுக்கா இருக்காது. அவனவன் காட்டுக்குள்ள அவனவன் சாளை. கூப்பிட்டா அடுத்த வீட்டுக்குக் கேக்காது. புள்ளைங்கெல்லாம் வெளியூர்ல. இருக்குறது அறுபது வயசு, எழுபது வயசு ஆளுங்க, ரெண்டு நாயி, நாலு மாடு. சிவகிரிக்கு அப்புறம் எங்க பக்கம் கேமரா இல்லாத தோட்டம் கம்மி. போலீஸ்லயும் மாட்டச் சொல்றாங்க, சொந்தக்காரங்களும் மாட்டச் சொல்றாங்க, புள்ளைங்க ஆர்டரே போட்டுடறாங்க.

ராத்திரி ரெண்டு மணிக்கு நாய் விடாமக் குரைக்குது. கதவைத் திறக்காம வெளிய என்னன்னு பார்க்கத்தான் அந்தக் கேமரா. அன்னிக்கு நெட் இல்ல. ஆஃப்லைன். என்ன பண்ணுவீங்க? டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டு, தடியை எடுத்துக்கிட்டு, கதவைத் திறந்து வெளிய போவீங்க. எதைச் செய்யக் கூடாதுன்னு அந்தக் கேமராவை மாட்டுனீங்களோ அதையேதான் செய்யணும். வயர் தானா அறுந்தாலும் இதுதான், எவனாவது அறுத்தாலும் இதுதான்.

பெங்களூர்ல இருக்குற பையனுக்கும் அப்ப ஒண்ணும் தெரியாது. சரி, அவன் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கான், நெட் இல்லாம அவனுக்குத் தெரியாதது நியாயம். சுவத்துக்கு இந்தப் பக்கம் படுத்திருக்குற எனக்குத் தெரியாதது எந்த ஊரு நியாயம்?

ஒரே வைஃபையில இருக்குற ரெண்டு சாமான் ஒண்ணை ஒண்ணு கண்டுபிடிக்கிறது என்னமோ இன்னும் முடியாத காரியம்னு நினைச்சுக்காதீங்க. அது இருபது வருசத்துக்கு முன்னாடியே முடிஞ்ச வேலை. ஆப்பிள் கம்பெனி 2002லயே அதைத் தன் கம்ப்யூட்டர்ல போட்டு வித்துருச்சு. இப்ப அதுக்குப் பேரு போன்ஜூர். அதுக்கு உள்ள ஓடுற முறைக்கு எம்டிஎன்எஸ்னு பேரு. 2013ல அதை எல்லாருக்கும் பொதுவா எழுதியே வெச்சுட்டாங்க, யார் வேணாலும் எடுத்துப் பயன்படுத்திக்கலாம், காசு கிடையாது. ஈரோட்டுல கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வெச்சிருக்குற எங்க அக்கா மகன் எனக்குச் சொன்ன விதத்துலயே சொல்றேன்.

"மாமா, கரும்புக் காட்டுக்குள்ள வேலை செய்யற ஆளு கண்ணுக்குத் தெரிய மாட்டான். நீங்க வரப்புல நின்னு என்ன பண்ணுவீங்க? 'ஏனுங்க, யாராச்சும் இருக்கீங்களா'ன்னு சத்தம் போடுவீங்கல்ல. உள்ள இருக்குறவன் 'நான் இங்க இருக்கேனுங்க'ன்னு குரல் குடுப்பான். அந்தக் குரலை வெச்சு நேரா அவன்கிட்டப் போயிருவீங்க. அதேதான்."

வைஃபையிலயும் அப்படிச் சத்தம் போடுறதுக்குன்னு ஒரு பொது விலாசம் இருக்குது, 224.0.0.251ன்னு. போனு அங்க கூவும், 'இங்க பிரிண்டர் யாராச்சும் இருக்கீங்களா'. பிரிண்டர் பதில் சொல்லும், 'நான்தான், என் பேரு இது, என் விலாசம் 192.168.1.20'. அதுக்கப்புறம் ரெண்டும் நேராப் பேசிக்கும். வெளிய எவனையும் கேக்க வேண்டியதில்ல. வீட்டுல டிவி இருந்தா நீங்க தினமும் பாக்குறதுதான். போன்ல யூடியூப் ஓடுறப்ப மூலையில டிவி மாதிரி ஒரு குறி வருது பாருங்க, அது இப்படிக் குரல் குடுத்துக் கண்டுபிடிச்சதுதான். 192.168ல ஆரம்பிக்கிற விலாசம் எல்லாம் வீட்டுக்குள்ள மட்டும் செல்லுபடியாகுற விலாசம். உங்க வீட்டுலயும் 192.168.1.20 இருக்கும், எங்க வீட்டுலயும் இருக்கும், ரெண்டும் சண்டை போட்டுக்காது. எல்லாத் தோட்டத்துலயும் 'மேக்காலக் காடு' இருக்குற மாதிரி.

கூவுற சத்தம் வேலி தாண்டிப் போகாதுங்கிறதையும் அவன்தான் சொன்னான். எங்க கட்டுத்தரைக்கு சிக்னல் எட்டலைன்னு ஒருத்தர் வந்து இன்னொரு ரவுட்டரை மாட்டிட்டுப் போனாரு. அதை ரவுட்டராவே ஓட விட்டா அது தனி ஊராயிடும். வீட்டுல நின்னு கூவுனா கட்டுத்தரையில கேக்காது. அதை ஆக்செஸ் பாயிண்ட்டுன்னு மாத்தி விட்டா ரெண்டும் ஒரே ஊரு. கெஸ்ட் வைஃபைன்னு ஒண்ணு இருக்கே, அதுல வேணும்னே ஒருத்தர் சத்தம் இன்னொருத்தருக்குக் கேக்காம அடைச்சு வெச்சிருப்பாங்க. விருந்தாளிக்கு அது நல்லது. உங்க பல்பை அதுல மாட்டிட்டு போன்ல தேடுனா கிடைக்காது.

அப்ப வேலை தெரியாம இல்ல, வழி இல்லாம இல்ல. கேமராவுக்கும் ஆன்விஃப்னு பொது முறை ஒண்ணு இருக்குது. 2008ல ஆக்சிஸ், போஷ், சோனி மூணு கம்பெனியும் சேர்ந்து ஆரம்பிச்சது. அந்த முறையில ஓடுற கேமராவா இருந்தா எந்தக் கம்பெனி ஆப்பும் வேண்டாம், வீட்டுக்குள்ள எந்தக் கம்ப்யூட்டர்லயும் படத்தைப் பார்க்கலாம். விலை கம்மியா விக்கிற கேமராவுல நிறையப் பேரு அதை வெக்கிறதே இல்ல. சில பேரு உள்ள வெச்சுட்டு மூடி வெச்சிருக்கான். மாட்டுக்குக் கொம்பு இருக்குது, ஆனா முட்டக் கூடாதுன்னு கட்டிப் போட்ட மாதிரி. ஏன்னா படத்தைக் காட்டுற வழி அவன் கையில இருந்தாத்தான் மாசா மாசம் 'கிளவுட் பிளான்' விக்க முடியும். முப்பது நாள் பதிவு வேணுமா, இவ்வளவு கட்டுங்க. ஆளு வந்தா தனியாச் சொல்லணுமா, அதுக்கு இவ்வளவு கட்டுங்க. எங்க வாசலை நாங்க பார்க்க எங்களுக்கே குத்தகை.

முதல்ல சாமானை வைஃபையில சேர்க்குற கூத்தையும் சொல்லிடறேன், ஏன்னா அதுலதான் எங்க வயசு ஆளுங்க மானம் போகுது. 'ஒரு நிமிசம்பா, க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க, அவ்வளவுதான்' அப்படீன்னு போன்ல சொல்வீங்க. அந்த ஒரு நிமிசம் எங்களுக்கு ஒரு சாயங்காலம். புது சாமான் முதல்ல தானே ஒரு குட்டி வைஃபையைப் போட்டுக்கிட்டு நிக்கும். போனு அதுல போய் ஒட்டிக்கிட்டு, 'எங்க வீட்டு வைஃபை பேரு இது, பாஸ்வேர்டு இது'ன்னு சொல்லிட்டு வரணும். ஆனா அந்தக் குட்டி வைஃபையில நெட் இருக்காது. உடனே போனு, 'இதுல இன்டர்நெட் இல்ல, இருக்கட்டுமா வேண்டாமா'ன்னு இங்கிலீஷ்ல கேக்கும். வேண்டாம்னு அமுக்குனா, இல்ல ஒண்ணும் அமுக்காம விட்டாலும், போனு தானா மொபைல் டேட்டாவுக்குத் தாவிரும். அவ்வளவுதான், ஆப் 'டிவைஸ் நாட் ஃபவுண்ட்'னு உக்காந்துக்கும். மொபைல் டேட்டாவை அணைச்சுட்டுச் செஞ்சா இந்தத் தொந்தரவு இல்ல. இதை எந்தப் பெட்டியிலயும் தமிழ்ல எழுதி நான் பார்க்கல.

அடுத்தது, 'லொகேஷன் ஆன் பண்ணுங்க'. பல்பு மாட்டுறதுக்கு நான் எங்க இருக்கேன்னு எதுக்குத் தெரியணும்னு எங்க வீட்டுல அவங்க கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஆண்ட்ராய்டு போன்ல சுத்தி இருக்குற வைஃபை பேரையெல்லாம் வெச்சே நீங்க எந்த இடத்துல இருக்கீங்கன்னு கண்டுபிடிச்சுரலாம், அதனால வைஃபை தேடுற ஆப்புக்கு அந்த அனுமதியையும் கேக்கணும்னு 2015ல வெச்சாங்க. 2022ல வந்த ஆண்ட்ராய்டு 13ல 'பக்கத்துல இருக்குற சாமான்'னு தனி அனுமதி குடுத்து அதைப் பிரிச்சுட்டாங்க. ஐபோன்ல 2020லயே, 'வீட்டு வைஃபையில இருக்குற சாமானைத் தேடலாமா'ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்கு வேண்டாம்னு அமுக்கிட்டா கடைசி வரைக்கும் ஒண்ணும் கிடைக்காது. சேர்த்து முடிச்சதும் லொகேஷன் அனுமதியைத் திரும்பப் புடுங்கிடலாம், பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது.

மூணாவது, 2.4 கிகாஹெர்ட்ஸ். விலை கம்மியான சாமான் எல்லாம் அதுல மட்டும்தான் ஓடும். ரவுட்டர்ல 5ன்னு இன்னொண்ணு இருக்கும், அது வேகம் ஜாஸ்தி, தூரம் கம்மி. தோட்டத்துக்கு 2.4தான் சரி. அதுவும் தென்னந்தோப்புக்குள்ள மழை பேஞ்ச ஈர மட்டைங்களைத் தாண்டி வர்றதுக்குள்ள பாதி செத்துப் போகும். தகரக் கூரைக்குக் கீழ வராது. மோட்டார் பெட்டியை இரும்பு ஸ்டார்ட்டர் டப்பாவுக்குள்ள வெச்சு மூடிட்டு 'சிக்னல் வரல'ன்னு புகார் சொன்னா, இரும்பு டப்பாவுக்குள்ள எப்படிங்க வரும்? ஆன்டெனாவை வெளிய எடுத்து விடணும். கிணத்துக்கு நெட் கேபிளே இழுத்துடலாம்னா அதுவும் நூறு மீட்டருக்கு மேல வேலை செய்யாது. இதெல்லாம் மாட்டுறவனுக்குத் தெரிஞ்சிருக்கணும். விக்கிறவன் வீடியோவுல எப்பப் பார்த்தாலும் ஒரு ஃபிளாட்டு, ஒரு சோபா, அதுல உக்காந்து ஒரு பொண்ணு பல்பைக் கலர் மாத்திக்கிட்டிருக்கு. எருமைக் கொட்டாயில ஒருத்தன்கூடக் காட்ட மாட்டேங்கிறான்.

சரி, கம்பெனிக்காரன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கான்னு பாத்துடுவோம். கஸ்டமர் கேர்ல பேசுன அந்தப் பொண்ணு பாதி இங்கிலீஷ் பாதி தமிழ்ல சொன்னது, "சார், உங்க பாதுகாப்புக்காகத்தான் கிளவுட் மூலமா வருது." அடுத்த வரி, "ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்."

பாதுகாப்புங்கிறது வெறும் பேச்சு இல்ல. 2016ல மிராய்னு ஒரு வைரஸ் உலகம் பூரா கேமராவுலயும் ரவுட்டர்லயும் பூந்து, அந்த வருசம் அக்டோபர் 21ந் தேதி அமெரிக்காவுல பெரிய பெரிய வெப்சைட்டையெல்லாம் படுக்க வெச்சுது. கதவை உடைச்சுப் போகலீங்க. 'அட்மின்', '12345'ன்னு கம்பெனிக்காரன் எல்லாச் சாமானுக்கும் ஒரே பாஸ்வேர்டை வெச்சு வித்தான், அதைச் சொல்லிப் பார்த்தே உள்ள போயிருச்சு. நேரா இன்டர்நெட்டைப் பார்த்துத் திறந்து வெச்ச சாமானுக்கு வந்த வினை அது. என் வீட்டு வைஃபைக்குள்ள, என் பாஸ்வேர்டு தெரிஞ்ச ஆளு, என் கேமராவைப் பார்க்குறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? ஊருக்குள்ள திருடன் வந்தான்னு சொல்லி, வீட்டுச் சாவியை வாங்கித் தன் இடுப்புல சொருகிக்கிட்ட காவல்காரன் கதையா இருக்குது.

வெளியூர்ல இருந்து பார்க்க நடுவுல ஒரு சர்வர் வேணும், அதை நான் ஒத்துக்கறேன். இப்ப வீட்டு நெட் நிறைய இடத்துல ஒரே பொது விலாசத்தைப் பல வீட்டுக்குப் பங்கு போட்டுக் குடுக்குறாங்க. அதனால பெங்களூர்ல இருந்து நேரா எங்க வீட்டுக்கு வர வழி கிடையாது, நடுவுல ஒருத்தன் சேர்த்து வெக்கணும். சேர்த்து வெக்கட்டும். பையனுக்கு அந்த வழி, எனக்கு வீட்டுக்குள்ள நேர் வழி. ரெண்டையும் வெக்கிறதுக்கு என்ன கேடு?

இன்னொரு வயித்தெரிச்சல். எங்க வாசல் கேமராவுக்கு 'ஓனர்' யாருன்னு ஆப்பைத் திறந்து பாருங்க. பையன் பேரு. நான் 'ஷேர்டு யூசர்'. பட்டா எம் பேர்ல, கரண்ட் சர்வீஸ் எம் பேர்ல, கேமராவுக்கு மட்டும் நான் விருந்தாளி. அதை வேற இடத்துக்கு மாத்தணும்னாலும், ரீசெட் பண்ணிப் புதுசாச் சேர்க்கணும்னாலும், ஓனர் தன் கணக்குல இருந்து விடுவிச்சாத்தான் முடியும். அவன் மீட்டிங்ல இருக்கான். தம்பி மேல எனக்குக் கோவம் இல்ல, நல்லதுக்குத்தான் பண்ணுனான். அப்பாவுக்குத் தெரியாதுன்னு உங்க போன்லயே எல்லாத்தையும் செட் பண்ணிக் குடுத்துட்டுப் போறீங்க பாருங்க, அதைத்தான் சொல்றேன். அடுத்த தடவை ஊருக்கு வந்தா அம்மா போன்ல அம்மா பேர்ல கணக்கு ஆரம்பிச்சு, உங்களை ஷேர்டு யூசரா வெச்சுக்குங்க. பத்து நிமிச வேலை.

கம்பெனியே மூடிட்டாங்கன்னா? ரிவால்வ்னு அமெரிக்காவுல ஒரு பெட்டி வித்தாங்க, விலை 300 டாலர். வீட்டுல இருக்குற லைட்டு, பூட்டு எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்க்குற பெட்டி. 2014ல கூகுளோட நெஸ்ட் கம்பெனி அதை வாங்குச்சு. 2016 மே மாசம் சர்வரை அணைச்சாங்க. பெட்டி கெட்டுப் போகல, உடையல, ஆனா அன்னில இருந்து அது வெறும் பிளாஸ்டிக். இன்ஸ்டியான்னு இன்னொரு கம்பெனி, 2022 ஏப்ரல்ல ஒரு வார்த்தை சொல்லாம சர்வரை நிறுத்திட்டான். ஆனா இதுல ஒரு விசேஷம் பாருங்க. ஹோம் அசிஸ்டன்ட்னு ஒரு இலவச சாஃப்ட்வேரை வீட்டுக்குள்ளயே ஒரு சின்ன கம்ப்யூட்டர்ல ஓட விட்டு, அது மூலமா இன்ஸ்டியான் சாமானோட நேராப் பேசிட்டிருந்த ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகல. அவங்க வீட்டுல லைட் எப்பவும் போல எரிஞ்சுது. அப்புறம் அந்தக் கம்பெனியை அதைப் பயன்படுத்துற ஆளுங்களே சேர்ந்து வாங்கி ஓட்டுனாங்க. அமெரிக்காக்காரனுக்கே இந்த கதின்னா, பேரே வாயில நுழையாத ஒரு கம்பெனி பெட்டியை நம்பி நான் மஞ்சக் காட்டுக்குத் தண்ணி பாய்ச்சறதா?

மோட்டாருக்கு வருவோம். எங்க பக்கம் பத்துப் பதினஞ்சு வருசமா மொபைல் ஸ்டார்ட்டர்னு ஒண்ணு இருக்குது. சிம் கார்டு போட்ட பெட்டி. அந்த நம்பருக்குப் போன் அடிச்சா எடுக்கும், ஒண்ணை அமுக்குனா மோட்டார் ஓடும், ரெண்டை அமுக்குனா நிக்கும். மூணு பேஸ் கரண்ட் வந்துச்சா இல்லையான்னு அதுவே திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லும். தண்ணி இல்லாம மோட்டார் ஓடுனா நிறுத்திக்கும். ஆப் கிடையாது, கணக்கு கிடையாது, ஓனர் கிடையாது. படிக்காத ஆளு, பட்டன் போன் வெச்சிருக்குற ஆளு, எல்லாரும் ஓட்டுனாங்க. செலவு சிம்முக்கு ரீசார்ஜ் மட்டும்தான். இப்ப அதைப் பழசுங்கிறாங்க. 'ஸ்மார்ட்' ஸ்டார்ட்டர் வந்துருச்சாம். அதுல வரைபடம் எல்லாம் வருது, எத்தனை ஆம்பியர், எத்தனை மணி நேரம் ஓடுச்சு, அழகாத்தான் இருக்குது. ஆனா அதிகாலையில மூணு பேஸ் வந்து, நெட் வராம இருந்தா, அழகை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? எழுந்து கிணத்துக்குப் போயி பச்சைப் பட்டனைத்தான் அமுக்கணும். அதை எங்கப்பாவும் பண்ணுனாரு.

நான் கேக்குறது பெரிசா ஒண்ணுமில்ல. விதைப் பையை எடுத்துப் பாருங்க. முளைப்புத் திறன் எத்தனை சதவீதம், சோதனை பண்ணுன தேதி என்ன, எல்லாம் அச்சடிச்சிருக்கணும். 1966ல வந்த விதைச் சட்டம் அது. உர மூட்டையில தழை, மணி, சாம்பல் எத்தனைன்னு போட்டிருக்கும். ஃப்ரிட்ஜுல ஸ்டார் ஒட்டியிருக்கும். அது மாதிரி இந்தப் பெட்டி மேலயும் கொட்டை எழுத்துல ரெண்டே வரி போடணும். நெட் இல்லாம வீட்டுக்குள்ள வேலை செய்யுமா, செய்யாதா. எந்த வருசம் வரைக்கும் சர்வரும் அப்டேட்டும் குடுப்போம். பிரிட்டன்ல 2024 ஏப்ரல் 29ல இருந்து எல்லாச் சாமானுக்கும் ஒரே பாஸ்வேர்டு வெச்சு விக்கக் கூடாது, எவ்வளவு காலம் பாதுகாப்பு அப்டேட் குடுப்பீங்கன்னு சொல்லியே ஆகணும்னு சட்டம் கொண்டு வந்துட்டாங்க. நம்ம மத்திய அரசும் 2025 ஏப்ரல்ல இருந்து சிசிடிவி கேமராவுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கு. நல்ல காரியம். கேமராவுக்குள்ள வெளியாளு பூந்துக்கறானான்னு சோதிக்கிற இடத்துல, வீட்டுக்காரன் பூந்துக்க முடியுதான்னும் சேர்த்துச் சோதிச்சா என்ன?

மேட்டர்னு ஒரு பொது முறை 2022 அக்டோபர்ல வந்திருக்குது. ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் எல்லாரும் சேர்ந்தது. அந்த முத்திரை இருக்குற பல்பும் பிளக்கும் வீட்டுக்குள்ளயே ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும், கண்டுபிடிக்கிறதுக்கு அதே எம்டிஎன்எஸ்தான். சேர்க்குறதுக்கு ஒரு க்யூஆர், இல்லைன்னா பதினோரு இலக்க நம்பர். பெரியவனுங்க நாலு பேரும் ஒத்துக்கிட்டாங்கன்னா, வீட்டுக்குள்ள நேராப் பேச விடுறது நடக்காத காரியம்னு இனி எவனும் சொல்ல முடியாது. விலை இன்னும் கொஞ்சம் கூடத்தான்.

அடுத்த பொங்கலுக்கு ஏதாவது அனுப்பணும்னு இருந்தீங்கன்னா, கேமராவா இருந்தா ஆன்விஃப் இருக்கான்னு பாருங்க, உள்ள மெமரி கார்டு போட இடம் இருக்கான்னு பாருங்க. கார்டு இருந்தா நெட் போனாலும் பதிவாவது ஆகும். அப்பா போன்ல விஎல்சி போட்டு அந்தக் கேமராவோட ஆர்டிஎஸ்பி விலாசத்தைச் சேமிச்சுக் குடுங்க, ஒரே தட்டுல வாசல் தெரியணும். ரவுட்டர்ல போயி அந்தக் கேமராவுக்கு விலாசத்தை நிரந்தரமா ஒதுக்கிடுங்க, இல்லைன்னா கரண்ட் போய் வந்தா வேற நம்பர் எடுத்துக்கும், அப்புறம் சேமிச்ச விலாசத்துல ஆளு இருக்காது. ரவுட்டருக்கும் கேமராவுக்கும் சின்ன யூபிஎஸ் ஒண்ணு வாங்கி வெச்சுருங்க.

எதை வாங்குனாலும் மாட்டி முடிச்சதும் ரவுட்டருக்குப் பின்னாடி வெளிய இருந்து வர்ற ஃபைபர் வயரை மெதுவாக் கழட்டி விடுங்க. மொபைல் டேட்டாவையும் அணைச்சுட்டு, ஆப்பை மூடித் திரும்பத் திறந்து பாருங்க. படம் வந்தா, பல்பு எரிஞ்சா, வெச்சுக்குங்க. வரலைன்னா அதே பெட்டியில போட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிடுங்க. ஆன்லைன்ல வாங்குனதுக்கு ஒரு வாரம் பத்து நாள் டைம் குடுக்குறாங்க. திருப்பி அனுப்புறப்ப காரணம் கேப்பாங்க, அதுல 'பிடிக்கல'ன்னு ஒத்தை வார்த்தையில அமுக்காம, நெட் இல்லாம வேலை செய்யலைன்னு எழுதுங்க. இங்கிலீஷ்லயே எழுதுங்க, எங்களை விட உங்களுக்கு அது நல்லா வரும்.